சத்தம் போடாத வீடு

போன சாரலில் நாலைந்து பிள்ளைகள் எங்கள் வீட்டைப் படம் பிடிக்க வந்தார்கள். கட்டடம் கட்டுகிற படிப்பு படிக்கிறவர்களாம். குற்றாலத்துக்குக் குளிக்க வந்த இடத்தில் யாரோ சொல்லித் தேடிக்கொண்டு வந்திருக்கிறார்கள். தேடித்தான் வரவேண்டும். சாரல் காலத்தில் ரோட்டில் நின்று பார்த்தால் எங்கள் வீடு தெரியாது. கூரை மேல் போட்ட மண்ணில் புல் ஆளுயரம் நிற்கும். சுவர் பாசி பிடித்துப் பாறையோடு பாறையாகிவிடும். புதிதாக வருகிற தபால்காரர்கள் எல்லாரும் ஒரு தடவையாவது எங்கள் வாசலில் நின்றுகொண்டே எங்கள் வீடு எங்கே என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள்.

வந்த பிள்ளைகள் ஒவ்வொரு அறையாகப் பார்த்து மெச்சினார்கள். தென்மேற்கு மூலை அறைக்கு வந்ததும் ஒரு பெண் அண்ணாந்து பார்த்துக் கேட்டாள். "பாட்டி, இங்க மட்டும் சீலிங் ஏன் புடைச்சுப் புடைச்சு இருக்கு? சென்ட்ரிங் சரியா அடிக்கலையா?"

"நல்லாத்தான் அடிச்சாங்க" என்று மட்டும் சொன்னேன். அவர்களுக்கு ஐந்தருவிக்குப் போகிற அவசரம்.

எனக்கு மூன்றாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. எழுத்துக் கூட்டித்தான் எழுதுவேன். ஒரு பக்கம் எழுத ஒரு காலைப்பொழுது ஆகிறது, ஆகட்டும். இந்த வீட்டை வரைந்தவர் இன்ஜினியர், கட்டியவர் என் வீட்டுக்காரர் என்று எல்லாரும் சொல்கிறார்கள். அந்த மூலை அறையை வீட்டுக்குள் கொண்டுவந்தது நான். அதை எழுத எனக்குத்தான் பாத்தியதை உண்டு.

என் வீட்டுக்காரர் தென்காசியில் மரக்கடை வைத்திருந்தார். செங்கோட்டைப் பக்கமிருந்து வருகிற தேக்கும் கோங்கும் எங்கள் கடையில் இறங்கித்தான் ஊருக்குள் போகும். நாங்கள் இருந்தது மேலகரத்தில், என் மாமனார் கட்டிய மச்சு வீட்டில். மேலே போக மரப்படி. எல்லாம் நல்ல தேக்கு. ஆனாலும் ஏறி இறங்கிய கால்கள் பட்டுப் படியெல்லாம் நடுவில் குழிந்து கிடக்கும். கீழிருந்து இரண்டாவது படியில் கால் வைத்தால் ஒரு முனகல் கேட்கும். கொல்லைப்புறத்தில் இருந்தாலும் அது காதில் விழும்.

எங்களுக்கு ஒரு பையன், ஒரு மகள். மகள் எந்நேரமும் மச்சில்தான் கிடப்பாள். மேற்கு ஜன்னலில் ஏறி உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அருவியில் தண்ணீர் விழ ஆரம்பித்தால் தூரத்தில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும். ஊருக்கு முந்தி அதைப் பார்த்துச் சொல்கிறவள் அவள்தான். மத்தியானம் கடையிலிருந்து அவர் வந்து கை கால் கழுவி உட்காருவார். இலையில் கை வைக்க மாட்டார். அந்த இரண்டாவது படி முனகியதும் அடுப்படியைப் பார்த்துச் சொல்லுவார்.

"சோத்த வையி. பிள்ள இறங்கிட்டா."

தினமும் அதே சொல்தான்.

அவளுக்குப் பத்து வயசு நடக்கையில் விஷக்காய்ச்சல் வந்தது. மச்சிலேயே படுத்திருந்தாள், அங்கேதான் காற்று வரும் என்று. அங்கேயே போனாள். அவர்தான் இரண்டு கையிலும் ஏந்திக் கீழே கொண்டுவந்தார். கூடம் நிறைய ஆட்கள் நின்றார்கள். அவர் இறங்கி இறங்கி வந்து அந்த இரண்டாவது படியில் கால் வைத்தார். அது முனகியது. அவர் அங்கேயே நின்றுவிட்டார். யாரோ கையைப் பிடித்துத்தான் கீழே இறக்கினார்கள்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் படியில் கால் வைத்ததே இல்லை. தாண்டித்தான் ஏறுவார், தாண்டித்தான் இறங்குவார். ஆனால் மரம் மழைக்கு ஊதும், வெயிலுக்குச் சுருங்கும். ஆள் மிதிக்காமலே சத்தம் போடும். மரக்கடைக்காரருக்கு அது தெரியாதா? தெரியும். தெரிந்தும், சாப்பிட உட்கார்ந்த மத்தியானங்களில் அந்தச் சத்தம் வந்தால் கையை உதறிவிட்டு எழுந்து போவார்.

எங்கள் பக்கம் கல்யாணமாகாமல் செத்துப்போன பெண்பிள்ளை வீட்டுக்குக் கன்னித் தெய்வம் ஆகிவிடுவாள். வீட்டின் தென்மேற்கு மூலையில் அவளுக்கு ஒரு மூடி போட்ட ஓலைப்பெட்டி வைப்போம். அதற்குள் பாவாடை, சட்டை, வளையல், சீப்பு, கண்ணாடி இருக்கும். தைப்பொங்கலுக்குப் புது உடுப்பு வைத்துக் கும்பிட்டுவிட்டுப் பழையதைச் சொந்தத்தில் வளருகிற பிள்ளைக்குக் கொடுப்போம். மூலையில்லாத வீட்டில் கன்னி தங்க மாட்டாள். வீட்டைவிட்டு வெளியே அலைவாள்.

முதல் தைக்குத் தென்காசியில் எப்போதும் தைக்கிற தையல்காரரிடம் போனேன். அவர் நாடாவைக் கையில் எடுத்துவிட்டு, பிறகு மெதுவாகக் கீழே வைத்தார்.

"அளவு பழசுதானக்கா?"

"ஒரு விரக்கடை கூட்டித் தையும்."

அவர் என்னைப் பார்த்தார். சரி என்று துணியை விரித்தார். மற்ற வீடுகளில் கன்னிக்கு எந்த வருஷமும் ஒரே அளவுதான். நான் வருஷத்துக்கு வருஷம் கூட்டிக்கொண்டே போனேன். அவளோடு படித்த பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வருகையில் வாசலில் நின்று பார்ப்பேன். அவர்கள் வளர்ந்த அளவுக்கு இவளுக்கும் கூட்டுவேன்.

என் நாத்தனார், அவருடைய அக்காள், பக்கத்துத் தெருவில் இருந்தாள். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "செத்த பிள்ள வளருமாட்டி?" என்றாள்.

"வளராதுன்னு ஒங்களுக்கு யாரு சொன்னா?" என்றேன்.

ஐம்பதுகள் முடிந்து அறுபது பிறக்கிற சமயம் அது. பையன் பாளையங்கோட்டையில் காலேஜில் சேர்ந்துவிட்டான். அவர் ஒருநாள், குற்றாலம் போகிற ரோட்டில் நமக்கு இருக்கிற மாந்தோப்பில் வீடு கட்டப் போகிறேன் என்றார். "சிமெண்டும் கம்பியும் மட்டுந்தான். கதவும் ஜன்னலும் இரும்புல வரும். ஒரு துண்டு மரம் கூடாது."

"எதுக்கு அப்படி?"

"காங்கிரீட்டு சத்தம் போடாதுட்டி."

ஊர் சிரித்தது. சிமெண்டுக்குப் பெர்மிட் வாங்கிக் காத்துக் கிடக்க வேண்டிய காலம். வீடு நிறைய மரத்தை வைத்துக்கொண்டு ஒருத்தன் அதற்கு அலைகிறானே என்று பேசினார்கள். நாத்தனார் விடுவாளா? "மரக்கடைக்காரன் பெண்டாட்டி சிமெண்டு வீட்டுக்குப் போறாளாம்லா. இனி சீலைக்கடைக்காரன் வீட்டுல எல்லாரும் சாக்கு உடுத்துவாக."

மெட்ராஸிலிருந்து ஓர் இளவயசு இன்ஜினியர் வந்தார். வந்தவர் முளைக்குச்சி அடிக்கவில்லை, கயிறு பிடிக்கவில்லை. தோப்பில் எருமை படுத்த மாதிரி ஒரு பாறை உண்டு. அதன் மேல் உட்கார்ந்து சாரல் எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது, மழைத்தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார். வெட்டக் கூடாத மரத்திலெல்லாம் சுண்ணாம்பால் கோடு போட்டார். கடைசியில் பார்த்தால் எல்லா மரத்திலும் கோடு இருந்தது. "பாறைய ஒடைக்கணுமா?" என்று கொத்தனார் கேட்டதற்கு, "அது நமக்கு முன்னாடி வந்தது, நாமதான் ஒதுங்கிக்கணும்" என்றாராம். கொத்தனார் இதை ஊர் முழுக்கச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

பிறகு மேலகரத்துக்கு வந்தார். என் வீட்டுக்காரர் கடையில் இருந்த நேரம் அது. "வரையறதுக்கு முன்னாடி வீட்ல இருக்கிறவங்களைத் தெரிஞ்சுக்கணும்மா. எத்தனை பேர் நீங்க?"

"நாலு பேரு. அவுக, நானு, பையன் பாளையங்கோட்டையில படிக்கான். பிறகு மக."

"மகளுக்கு என்ன வயசு?"

"பதினாலு நடக்கு."

"ஸ்கூலுக்குப் போறாங்களா?"

"இல்ல. வீட்டுலதான் இருக்கா."

"அவங்களுக்கு என்ன பிடிக்கும்?"

அவள் போனதிலிருந்து என்னிடம் இப்படி ஒருவரும் கேட்டதில்லை. நான் சொன்னேன். "ஒசக்க ஏறி உக்காந்து மலையப் பாத்துக்கிட்டே இருப்பா. ஆள் அரவம் ஆகாது. அருவியில தண்ணி விழுந்தா மொதல்ல பாக்கது அவதான்."

வயசுக்கு வந்த பிள்ளையை வெளி ஆண் கண்ணில் காட்டாத காலம் அது. அவரும் கூப்பிடச் சொல்லவில்லை. காப்பியைக் குடித்துவிட்டுப் போனார்.

நான் அந்த மனுஷனை ஏய்த்துவிட்டேன் என்று நாத்தனார் சாகிறவரை சொன்னாள். இதில் ஏய்ப்பு எங்கே வந்தது? வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டார், எத்தனை பேரோ அத்தனை பேரைச் சொன்னேன். இன்றைக்குக் கேட்டாலும் அப்படித்தான் சொல்லுவேன்.

ஒரு மாசம் கழித்துத் தோப்பில் அந்தப் பாறை மேலேயே படத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தார். நானும் போயிருந்தேன். எனக்குப் படம் புரியாது, அவர் விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லச் சொல்லப் புரிந்தது. தரை சரிகிற மாதிரியே வீடும் சரிந்து போகும். ஒரு கட்டிலிருந்து அடுத்த கட்டுக்கு இரண்டு படி ஏற வேண்டும். இடுப்பளவுக்குத் தோப்பில் கிடக்கிற கல்லே சுவர், அதற்கு மேல் காங்கிரீட், பூச்சு கிடையாது. கூரை மாமரத்தைவிட உயராது, அதன் மேல் மண். என் வீட்டுக்காரர் முகம் மலர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அத்தனை வருஷத்தில் அப்படி அவரைப் பார்த்ததில்லை.

"இது உங்க மக ரூம்" என்றார் இன்ஜினியர். விரல் தென்மேற்கு மூலையில் நின்றது. "வீட்லேயே ஒசரமான இடம். இந்தப் பாறையே ரூமுக்குள்ள வந்துடுது, ஏறி உக்காந்தா ஜன்னல் நேரா மலையைப் பாக்கும். அருவில தண்ணி விழுந்தா அவங்கதான் முதல்ல பார்ப்பாங்க."

என் வீட்டுக்காரர் முகம் கறுத்தது.

"எங்களுக்கு மக கிடையாது தம்பி."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார்.

"இருக்கா" என்றேன்.

"அந்த ரூம அடிச்சிருங்க" என்று சொல்லிவிட்டு அவர் எழுந்து தோப்புக்கு வெளியே நடந்தார்.

நான் இன்ஜினியரை மேலகரத்துக்குக் கூட்டிப் போய் ஓலைப்பெட்டியைத் திறந்து காட்டினேன். அந்த வருஷம்தான் முதல் தாவணி வைத்திருந்தேன். பார்த்துக்கொண்டு நின்றார்.

"தெரியாமப் போட்டுட்டேம்மா."

"தெரிஞ்சிருந்தா போட்டிருப்பியளா?"

"போட்டிருக்க மாட்டேன்."

"அப்பம் தெரியாததே நல்லது."

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டின்போது என் வீட்டுக்காரரிடம் நேராகச் சொன்னேன். "அவளுக்கு மூலையில்லாத வீட்டுக்கு நான் வரல. நீங்க போங்க. நானும் அவளும் இங்கனயே இருந்துக்கிடுதோம்."

அவர் இலையை மடித்துவிட்டு எழுந்தார். நான் இரண்டாம் தடவை சொல்லவில்லை.

வேலை நடந்தது. அந்த அறையை இன்ஜினியர் அடிக்கவும் இல்லை, கட்டவும் இல்லை. அதை வெட்டிவிட்டு வரைந்து பார்த்தாராம், பாறை வெளியே போய்விட்டது, வீடு எங்கேயும் இருக்கிற வீடு மாதிரி ஆகிவிட்டது என்று பிறகு என்னிடம் சொன்னார். அதனால் தூணை மட்டும் எழுப்பிக் கம்பியை வானத்துக்கு நீட்டி விட்டுவிட்டார். மற்றக் கட்டுக்கெல்லாம் கூரை வந்தது. எங்கள் கடைக் கோங்குப் பலகையை அடியில் சென்ட்ரிங்காக அடித்து, மேலே காங்கிரீட்டைக் கொட்டினார்கள். காய்ந்த பிறகு பலகையைப் பிரித்தால் கூரையில் மரத்தின் வரி அப்படியே பதிந்திருக்கிறது. ரேகை, கண், ஆணித் தடம் எல்லாம் இருக்கிறது, மரம் இல்லை. ஒரு துண்டு மரம் கூடாது என்றவர் அதைப் பார்த்து அண்ணாந்தபடியே நின்றாராம். கொத்தனார் சொன்னார்.

சாரல் வந்தது. ஒருநாள் அவருக்குச் சாப்பாடு கொண்டு தோப்புக்குப் போனேன். அந்த மூலையில், கூரையில்லாத இடத்தில், கம்பிகளுக்கு நடுவே நின்றுகொண்டிருந்தார். குடை மடக்கிய மேனிக்குக் கையில் இருந்தது. தலையிலும் தோளிலும் தூறல் முத்து முத்தாக நின்றது. மலையில் அருவி விழுந்துகொண்டிருந்தது.

"நனைஞ்சுக்கிட்டு என்ன செய்யுதிய?"

"கம்பி துருப்பிடிக்கு" என்றார்.

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் தூக்குச்சட்டியை வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

சாரல் ஓய்ந்து ஒரு மத்தியானம். நான் கொல்லையில் இருந்தேன். வீட்டுக்குள்ளிருந்து அந்தச் சத்தம் வந்தது. எப்போதும் வருகிறதைவிட நீளமாக, இழுத்து இழுத்து வந்தது. ஓடினேன். அவர் வேட்டியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு மச்சுப்படியைப் பிரித்துக்கொண்டிருந்தார். மேலேயிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி இறங்கி வந்து, அந்த இரண்டாவது படியில் நின்று ஆணியைப் பிடுங்கினார். கடையிலிருந்து வந்த ஆசாரி கையைப் பிசைந்துகொண்டு நின்றார். "அண்ணாச்சி, நான் செய்யுதேன். நீங்க தள்ளுங்க."

"நீ வண்டியப் பிடி."

பலகையை எல்லாம் வண்டியில் அடுக்கிக்கொண்டு அவரும் ஏறிப் போனார். என்னிடம் ஒரு சொல் இல்லை. படியில்லாத மச்சு அந்தரத்தில் நின்றது. அவள் இருந்த இடத்துக்கு இனி ஏற வழியில்லை. நான் போய் ஓலைப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். சத்தத்தைப் பிடுங்கியாயிற்று, இனி பெட்டியையும் கேட்பார், கொடுக்கக் கூடாது என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

மறுநாள் காலையில் நாத்தனார் வந்தாள். எட்டிப் பார்த்தாள். வழக்கமாக ஏதாவது சொல்லுகிறவள், அன்றைக்கு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "தோப்புக்குத்தான் கொண்டுட்டுப் போயிருக்கான். போய்ப் பாருட்டி" என்றாள்.

போனேன். கொத்தனார் சத்தம் ரோட்டுக்கே கேட்டது. "தேஞ்ச பலகை அண்ணாச்சி. நடுவுல குழி கெடக்கு. காங்கிரீட்டு குழிக்குள்ள இறங்கிரும். கூரை தொப்ப தொப்பையாத் தொங்கும்."

"தொங்கட்டும்."

"தேக்கு அண்ணாச்சி. சென்ட்ரிங்குக்கு யாராச்சும் தேக்கடிப்பாவளா?"

"நான் அடிக்கேன்."

அந்த மூலை அறைக்கு மேலே, முட்டுக்கால் கொடுத்து, எங்கள் மச்சுப்படிகளை அடித்துக்கொண்டிருந்தார்கள். தேய்ந்த பக்கம் வானத்தைப் பார்த்திருந்தது. அவரே ஒவ்வொரு பலகையாக எடுத்துக் கொடுத்தார். மேற்படி முதல் கீழ்ப்படி வரை வரிசை மாறவில்லை. இன்ஜினியர் ஓரமாக நின்றார்.

என்னைப் பார்த்தும் என் வீட்டுக்காரர் வேலையை நிறுத்தவில்லை. கடைசிப் பலகையைக் கொடுத்துவிட்டுக் கையைத் தட்டிக்கொண்டு இறங்கி வந்தார். "தளம் காயட்டும். பிறகு கூட்டிட்டு வா" என்றார்.

பலகையைப் பிரித்த அன்றைக்கு நான் உள்ளே நின்றேன். படியில் குழிவாக இருந்ததெல்லாம் கூரையில் புடைப்பாக இறங்கியிருந்தது. மலைப்பக்கச் சுவரிலிருந்து வாசல் வரை ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. எத்தனை கால் தேய்த்த குழியோ, அதில் அவள் காலும் உண்டு. கழற்றிய பலகைகளை அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அவை தோப்பின் ஓரத்தில் மழையிலும் வெயிலிலும் கிடந்து மக்கின.

தை பிறந்து நல்ல நாள் பார்த்துக் குடி வந்தோம். கன்னிப் பெட்டியை வழியில் தரையில் வைக்கக் கூடாது. மேலகரத்திலிருந்து வண்டியில் என் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தேன். அந்தப் பாறையின் மேல், புடைத்த கூரைக்கு நேர்கீழே பெட்டியை வைத்தேன். நாத்தனார் தேங்காய் உடைத்தாள். "வீடு கட்டியும் ரோட்டுக்குத் தெரியாம ஒளிச்சு வச்சிருக்கான் என் தம்பி. சுவரப் பூசக்கூட வக்கில்லன்னு ஊரு சொல்லுது" என்று சொல்லிக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

அவர் சொன்னது சரிதான், காங்கிரீட் சத்தம் போடவில்லை. மேலே மண் கிடந்ததால் மழை பெய்வதே கேட்காது. ஜன்னலில் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எனக்கு முதலில் அது பயமாக இருந்தது. அடுப்படியில் நின்று அவரைக் கூப்பிட்டால் என் குரல் ஒவ்வொரு கட்டாக ஏறிப்போய் அந்த மூலை அறையில் முட்டி, வேறு யாரோ கூப்பிடுகிற மாதிரி எனக்கே திரும்பி வரும். நாள் போகப் போகப் பழகிவிட்டது. சில நாள் வேலை ஒன்றும் இல்லாமலே கூப்பிட்டுப் பார்ப்பேன்.

தாவணி போய்ச் சேலை வைக்கிற வருஷமும் வந்தது. தையல்காரர், "இனி ரவிக்கை அளவு மட்டும் சொன்னாப் போதுமக்கா" என்றார்.

அந்த அறைக்கு அவர் பேர் வைத்ததே இல்லை. மகள் அறை என்றும் சொல்ல மாட்டார், கன்னி அறை என்றும் சொல்ல மாட்டார். மத்தியானம் கடையிலிருந்து வந்து சாப்பிட்டுவிட்டு அங்கே போய் வெறுந்தரையில் படுத்துக்கொள்ளுவார். கண் திறந்திருக்கும். வாசலை ஒட்டியிருக்கிற புடைப்பு கடைசிப் படி. அதற்கு முந்தியதுதான் அந்த இரண்டாவது படி. அவர் அதையேதான் பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும், எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.

ஒருநாள், குடிவந்து இரண்டு மூன்று சாரல் போயிருக்கும், சாப்பிடாமலே நேராக அங்கே போய்ப் படுத்துவிட்டார். உடம்புக்கு என்னவோ என்று நான் அடுப்படியிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். வெளியே சாரல் அடித்தது, அதற்கும் சத்தம் இல்லை. வீட்டில் ஒரு பொட்டு ஓசை கிடையாது.

அவர் எழுந்து வருகிறது தெரிந்தது. ஒவ்வொரு கட்டாக இறங்கி வந்து, கை கால் கழுவி, பழைய வீட்டில் உட்காருகிற மாதிரியே சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"சோத்த வையி" என்றார். "பிள்ள இறங்கிட்டா."

நான் இலை அறுக்கப் போனேன். இரண்டு அறுத்தேன். திரும்பி நடந்தவள் நின்று, இன்னொன்றும் அறுத்துக்கொண்டு வந்தேன்.